இரண்டு பாதங்களுக்கும் இடம்

மிச்சிகனில் மான் வேட்டைக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. அக்டோபர் 1 வில் வேட்டை தொடங்கும் நாள். நவம்பர் 15 துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாள். எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. நவம்பர் 15 அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை.

1996 அக்டோபர். டெட்ராய்ட் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எங்கள் டூல்ரூமில் அச்சு செதுக்கும் பெரியவர் ஒருவர், விடியுமுன் என்னைத் தன் நிலத்துக்குக் கூட்டிப்போனார். ஓர் ஓக் மரத்தடியில் நின்று, டார்ச்சை மேல்நோக்கி அடித்துக் காட்டினார். ஓரடி நீளப் பலகைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் அறையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணி. அதுதான் ஏணி. அது முடியுமிடத்தில், பதினைந்தடி உயரத்தில், நாலு பலகை சேர்த்துக் கட்டிய பரண்.

"பலகையின் ஓரத்தில் மிதிக்காதே. ஆணிக்கு நெருக்கமாகக் கால் வை" என்றார். மரம் ஏறுவது பற்றி அன்று எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். இடுப்பில் ஒரு பெல்ட் இருந்தது. அதையும் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் மரத்தோடு மாட்டுவோம். ஏறும்போதும் இறங்கும்போதும் எங்களைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்ற சொல்லே உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. இங்கே அது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, எத்தனை என்று வரம்புக்கு உட்பட்டுச் செய்வது. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்; நானும் முடித்தேன். ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத தென் மிச்சிகனில் வெள்ளைவால் மான் பெருகி வயலில் மேய்கிறது, சாலையில் கார்களில் மோதிச் சாகிறது. நாங்கள் கொன்றதை வீணாக்கியதில்லை. பெரியவர் வீட்டு ஃப்ரீசரில் பங்குனி வரைக்கும் மான்கறி இருக்கும்.

மரத்தில் ஏறுவதற்குக் காரணம் எளிது. மானின் மூக்கு மிகக் கூர்மை. தரைமட்டத்து அசைவையும் அதன் கண் சட்டென்று பிடித்துவிடும். பதினைந்து, இருபதடி மேலே இருந்தால் நம் வாடை அதன் தலைக்கு மேலாகப் போக வாய்ப்புண்டு. நம் அசைவும் உடனே அதன் கண்ணில் படாது. இங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி வரை வேட்டையாடலாம். ஆகவே காலையில் இருட்டில் ஏற வேண்டும். மாலையில் இருட்டில் இறங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த இருட்டைப் பற்றியதுதான்.

ஆணி அடித்த பலகைகளின் காலம் சீக்கிரம் முடிந்தது. மரம் பருக்கப் பருக்க ஆணி இளகும். மழையிலும் பனியிலும் பலகை உளுத்துப்போகும். மரத்துக்கும் அது காயம். பெரியவர் கடையிலிருந்து திருகுப் படிகளை வாங்கி வந்தார். இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தவை, முனையில் திருகு. மரத்தில் முடுக்கிவிட்டால் ஒரு பாதம் வைக்க ஒரு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் ஒன்று, அதற்கு மேலே இடப்பக்கம் ஒன்று, மறுபடி வலப்பக்கம். கோட் பையில் பத்துப் பன்னிரண்டு படிகள் அடங்கிவிடும். எங்களுக்கு அது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. உளுத்த பலகையில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்க இடம் இருந்தது என்பதை அன்று நான் யோசிக்கவே இல்லை.

1999 டிசம்பரில் யோசிக்க நேர்ந்தது. நாள் முழுதும் பனிப்பொழிவு. அந்தி கழிந்து இறங்கினேன். காலில் கனத்த குளிர்கால பூட்ஸ். உள்ளே விரல்கள் மரத்துப்போயிருந்தன. பாதி மரம் இறங்கியதும் எந்தப் பக்கம் அடுத்த படி என்ற கணக்குத் தப்பிவிட்டது. இடது காலை இறக்கித் துழாவினேன். படி வலப்பக்கம் இருந்தது. வலது காலோ மேலே, பனி படிந்த ஒரே கம்பியில் என் முழு எடையையும் சுமந்துகொண்டு நின்றது. அது வழுக்கியது. எட்டடி உயரத்திலிருந்து விழுந்தேன். கீழே பனி கிடந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டு முறிந்தது. பெரியவர் என் வில்லையும் பையையும் சுமந்து, என்னையும் தாங்கிக்கொண்டு காட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தார். அவர் அன்று பேசவே இல்லை. அடுத்த வாரம் அந்தத் திருகுப் படிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டார்.

அதன் பிறகு காடே மாறியது. 2002இல் டெட்ராய்ட் அருகே மரகத ஆஷ்மரத் துளைப்பான் என்ற பச்சை வண்டு கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டின் புழு, ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் நீரோட்டப் பாதையைத் தின்று மரத்தையே கொன்றுவிடும். நேராக, ஏறுவதற்கென்றே வளர்ந்ததுபோல நின்ற ஆஷ் மரங்கள் எங்கள் கண்முன்னே பட்டுப்போயின. பட்ட ஆஷ் முன்னறிவிப்பின்றி ஒடியும், அதில் ஏறக்கூடாது. எங்கள் நிரந்தரப் பரண்களில் பாதி அப்படிப் போயின. பெரியவர் நிலத்தை விற்றார். நாங்கள் அரசு நிலத்துக்குப் போனோம். அங்கே மரம் ஏறுவதற்குப் பட்டையைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். ஆணியும் கூடாது, திருகும் கூடாது.

இப்படித்தான் ஸ்டிக் எங்கள் கைக்கு வந்தது. அலுமினியக் குழாய், முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை பல நீளங்களில் கிடைக்கும். அதில் படிகள் பொருத்தியிருக்கும். ஒரு பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டி, ஸ்டிக்கைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் பட்டை இறுகி மரத்தைக் கவ்விக்கொள்ளும். முதல் ஸ்டிக்கில் ஏறி நின்று இரண்டாவதைக் கட்ட வேண்டும். இரண்டாவதில் நின்று மூன்றாவதை. மூன்று, நான்கு ஸ்டிக்குகளில் பரண் உயரம் வந்துவிடும். வேட்டை முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். மரத்தில் ஒரு கீறல் இருக்காது.

கடைக்குப் போனால் அதில் இரண்டு வகை. ஒவ்வோர் உயரத்திலும் குழாயின் ஒரு பக்கம் மட்டும், மாற்றி மாற்றிப் படி இருப்பது ஒற்றைப் படி. ஒரே உயரத்தில் இரு பக்கமும் படி இருப்பது இரட்டைப் படி. நான் முதலில் வாங்கியது ஒற்றைப் படி. எடை குறைவு, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கலாம், புதரில் மாட்டாது. சில ஒற்றைப் படிகளை வலமும் இடமும் திருப்பிக்கொள்ளவும் முடியும். சாய்ந்த மரத்தில் அது கைகொடுக்கும். பத்து வருடம் அதில்தான் ஏறினேன். பத்து வருடமும் ஒவ்வொரு மாலையும், கீழே இடமா வலமா என்று கால் தேடிக்கொண்டே இருந்தது.

போன செப்டம்பரில் என் மகள் தனக்கு ஸ்டிக் வாங்கப் போகிறேன் என்றாள். பன்னிரண்டு வயதில் என்னோடு காட்டுக்கு வரத் தொடங்கியவள். இப்போது அவள் தனியாகவே போகிறாள். பரண்கூட அவளுக்கு வேண்டாம். கச்சையில் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்து தொங்கும் முறை அவளுடையது.

"ஒற்றைப் படி போதும்ப்பா. நான் ஒன்றரை மைல் நடக்கணும். ஒவ்வொரு கிராமும் முதுகுலதான் ஏறும்" என்றாள்.

"சரிம்மா, நிறுத்துப் பார்ப்போம்" என்றேன்.

நண்பர் ஒருவரிடமிருந்து இரட்டைப் படி செட் ஒன்றை இரவல் வாங்கி, சமையலறைத் தராசில் என்னுடையதையும் அதையும் நிறுத்தோம். நான்கு ஸ்டிக்குக்குமாகச் சேர்த்து வித்தியாசம் ஒரு தண்ணீர் பாட்டில் எடைகூட வரவில்லை. அவள் எடுத்துப்போகும் தண்ணீரைவிடக் குறைவு.

பிறகு கொல்லைப்புற மேப்பிள் மரத்தில் இரண்டு செட்டையும் அருகருகே கட்டினோம். அவளைக் குளிர்கால பூட்ஸைப் போடச் சொன்னேன். கோடைக்காலச் செருப்பில் எந்தப் படியும் அகலமாகத்தான் இருக்கும். முதல் ஸ்டிக்கில் நின்றபடி அடுத்ததைக் கட்டச் சொன்னேன். ஒற்றைப் படியில் எடை முழுதும் ஒரு காலில். இன்னொரு கால் முழங்கால் மடங்கி மேலே. இரண்டு கையாலும் பட்டையைச் சுற்றிப் போட்டு, கொக்கி மாட்டி, இழுத்து இறுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் தாங்கும் காலின் கெண்டைச்சதை நடுங்கத் தொடங்கிவிடுகிறது. இரட்டைப் படியில் இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில். மரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிற்றில் பின்னால் சாய்ந்து நின்று, அவசரமில்லாமல் கட்டினாள்.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னேன். ஒற்றைப் படியில் இரண்டு முறை கால் வெறுங்காற்றில் துழாவியது. இரட்டைப் படியில் எந்தக் காலை இறக்கினாலும் படி இருந்தது. கீழே இறங்கிக் கண்ணைத் திறந்தவள், "புரியுதுப்பா" என்றாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு எங்கள் ஊர் உடன்குடி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பனைகளில் காலையும் மாலையும் ஏறிய பனையேறி மாமா, மரத்தடிக்கு வந்ததும் முதலில் இரண்டு பாதங்களையும் தளைநாருக்குள் நுழைப்பார். நார் இரண்டு பாதங்களையும் ஒரே மட்டத்தில் பிணைத்து மரத்தோடு கவ்வ வைக்கும். கையால் மரத்தை அணைத்து, இரண்டு காலையும் சேர்த்து மேலே இழுத்து, ஊன்றி நிமிர்வார். இரண்டு பாதமும் இணையாக மரத்தைப் பற்றும்வரை கையை நகர்த்தமாட்டார். மேலே பாளை சீவும்போது இரண்டு கைக்கும் வேலை இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். படி என்ற ஒன்றே இல்லாத மரத்தில் அவர் தன் காலிலேயே இரட்டைப் படியைச் சுமந்துகொண்டு ஏறினார். சின்ன வயதில் தினமும் அண்ணாந்து பார்த்த பாடம். மணிக்கட்டு முறிந்தும் எனக்குப் புரிய இத்தனை வருடம் பிடித்தது. அவர் விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இருந்ததில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இரட்டைப் படிக்கும் குறை உண்டு. அடுக்கும்போது பக்கவாட்டில் துருத்தும். உலோகம் உலோகத்தில் பட்டு எழும் சத்தம் மானுக்கு நூறு கஜம் தாண்டியும் கேட்கும். படிகளில் துணிப் பட்டை சுற்றியே ஆக வேண்டும். மிக ஒடுங்கிய படி என்றால் கனத்த பூட்ஸ் சரியாக அமராது. பெயருக்கு இரட்டை என்றாலும் பாதத்துக்கு இடம் தராத படியால் பயனில்லை. மரத்துக்கும் படிக்கும் நடுவில் பூட்ஸ் முனை நுழைய இடைவெளி வேண்டும். கரடுமுரடாக வளைந்த மரத்தில் மட்டும் ஏறுபவர், திருப்பிக்கொள்ளும் ஒற்றைப் படியைத் தேர்ந்தால் அதில் நியாயம் உண்டு. மற்ற எல்லாருக்கும் என் தீர்ப்பு இரட்டைப் படிதான்.

எந்தப் படியானாலும் கயிறு இல்லாமல் ஏறக்கூடாது. அன்று மேலே போன பிறகு மாட்டிய இடுப்பு பெல்ட் விழுந்தவரை விலாவில் இறுக்கி மூச்சை அடைக்கும். இன்று தோளையும் தொடையையும் சுற்றும் முழுக் கச்சை இருக்கிறது. தரையிலிருந்து பரண்வரை மரத்தோடு ஓடும் உயிர்க்கயிறு இருக்கிறது. அதில் போட்ட முடிச்சை நாம் ஏற ஏறக் கையால் நகர்த்திக்கொள்ள வேண்டும்; விழுந்தால் அது இறுகிப் பிடிக்கும். வில்லை ஒரு நூல்கயிற்றில் கட்டிக் கீழே வைத்துவிட்டு, மேலே போன பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். தரையில் கால் இருக்கும்போது மாட்டிய கயிற்றை மறுபடி தரையில் கால் பட்ட பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.

மகள் இரட்டைப் படி வாங்கினாள். எனக்கும் ஒரு செட் வாங்கித் தந்தாள்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். குளிர்கால பூட்ஸையும் கச்சையையும் போட்டுக்கொண்டு, கயிற்றை மாட்டி, வீட்டு மரத்தில் நாலடி மட்டும் ஏறுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இறங்குங்கள். கால் தேடாமல் இறங்க முடிகிற ஸ்டிக்கை வாங்குங்கள்.