நீர்யானை கொட்டாவி விடாது

வா மாப்ள, உக்காரு. தே தாரிக் ஆறிப் போகுது. ஆப்பிரிக்காவுக்குப் போறியாமே, ஏரியில படகேறி யானை பார்க்க? உங்கம்மா பாரிட் புந்தார் பாசார்ல தொடங்கி கோயில் வாசல் வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. நேத்து அர்ச்சனைச் சீட்டுக் கிழிக்கிறவரே என்னை விசாரிச்சாரு.

கரிபா ஏரிதானே? நல்ல இடந்தான். சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் நடுவுல சாம்பேசி ஆத்தை மறிச்ச அணை. 1958 கடைசியில தண்ணியைத் தேக்குனான். மேடெல்லாம் தீவாப் போச்சு, மேல நின்ன மானும் பன்னியும் முழிச்சுது. ‘நோவா’ன்னு ஒரு பேரை வச்சு, ஆறாயிரத்துக்கு மேல மிருகங்களைப் புடிச்சுக் கரை சேர்த்தாங்க. கயிறு காலை அறுக்குதேன்னு, பொம்பளைங்க போட்டுக் கழட்டுன நைலான் காலுறையைக் கேட்டு வாங்கி, முறுக்கிக் கட்டுனாங்களாம். அதே தண்ணிக்காக டோங்கா சனம் ஐம்பதாயிரத்துக்கு மேல ஊரை விட்டுச்சு. அதுங்களுக்கு யாரும் காலுறை கழட்டல மாப்ள. லாரிதான் வந்துச்சு. தோட்டம் துண்டாடுனப்ப நம்ம லயத்துக்கு வந்துச்சே, அந்த மாதிரி.

சரி, போறதுன்னு முடிவாயிடுச்சு. மாமன் சொல்றதைக் காதுல போட்டுக்க. மலேரியா மாத்திரை கேட்டு வாங்கு. உன் பாட்டன் தோட்டத்துப் பெரட்டுல வரிசையா நின்னு கொய்னாவை ஓசியில முழுங்குனான். நீ வெள்ளி எண்ணிக் கொடுத்து முழுங்கப் போற, குடும்பம் முன்னேறிடுச்சு! அப்புறம் அந்த நீர்யானை. வாயைப் பொளந்தா கொட்டாவின்னு செல்பி எடுக்காத. பக்கத்துல வராதேன்னு அது பல்லைக் காட்டி மிரட்டுது. அந்தக் காலத்துத் தண்டல் வாயைத் தொறந்தா நாங்க எப்படி நைசா நகர்ந்தோமோ, அப்படியே நீயும் நகர்ந்துடு. கரையில நின்னா, அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல மட்டும் நிக்காத.

காசு மிச்சம் புடிக்கிற வழியும் கையில இருக்கு, கேக்குறியா? நம்ம புக்கிட் மேரா ஏரி, கிரியான் வயலுக்குத் தண்ணி விட 1906-ல கட்டுனது. கரிபாவுக்கு அம்பது வருசம் மூத்த அண்ணன். ஏரிக்கு நடுவுலயே ரயில் போகுது. ஈப்போ போறப்பல்லாம் நீ அதைத் தாண்டித்தான் போற, குனிஞ்சு போனைப் பார்த்துக்கிட்டு. அங்க ஒரு தீவுல ஓராங் ஊத்தான் இருக்கு. அது வெளிய உலாத்தும், டிக்கெட் வாங்குன மனுசன் கம்பிக் கூண்டுக்குள்ள நடக்கணும். எனக்குப் புடிச்ச ஏற்பாடு.

அதுவும் வேணாமா, கடலோரம் குவாலா குலாவுக்கு வா. செப்டம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சைபீரியா பக்கத்துப் பறவையெல்லாம் விசா இல்லாம வந்து சேத்துல மேயும். அதோட ‘பூரோங் போத்தாக்’குன்னு உள்ளூர்ப் பறவை ஒண்ணு, மொட்டைத் தலை நாரை. நான் சட்டை போடாம நின்னா எப்படியோ, அச்சு அசல் அப்படியே இருக்கும். ஆனா தண்ணி எப்ப வத்தும்னு பார்த்துத்தான் படகு எடுக்கணும். போன தடவை நாங்க ரெண்டு மணி நேரம் சேத்துல குந்தியிருந்தோம். பக்கத்துல சேத்து மீனு ஒண்ணு கண்ணை உருட்டி எங்களையே பார்த்துச்சு. யாரு யாரை வேடிக்கை பார்க்க வந்தாங்கன்னே புரியல.

சிரிக்காத. ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்துடு, போவோம். நாரையைக் காட்டுறது என் பொறுப்பு, சம்பான் வாடகை உன் பொறுப்பு.

அப்புறமும் கரிபாதான்னு நின்னா, ஒண்ணு செய். அங்க ராத்திரி விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு ‘கப்பெந்தா’ன்னு பொடி மீனு புடிப்பான், நம்ம நெத்திலி மாதிரி. தாங்கனீக்கா ஏரியிலேர்ந்து கொண்டாந்து விட்ட மீனு, இப்ப உள்ளூர்க்காரன் மாதிரி பெருகிக் கெடக்கு. காய வச்சது கிடைச்சா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா. உங்கத்தைகிட்ட குவாலா குராவ் சரக்குன்னு சொல்லிச் சம்பல் போட்டுடலாம்.