வட்டமா, பட்டையா?

கேள்வி: எக்ஸெலில் உள்ள விற்பனைக் கணக்கை வட்ட வரைபடமாக்கினால் பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லையே, ஏன்?

பதில்: நீளத்தை ஒப்பிடுவதில் கண் கெட்டி, கோணத்தில் தடுமாறும். 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சோதித்துக் காட்டியது இதைத்தான். 23 சதவீதமும் 26 சதவீதமும் வட்டத்தில் இரட்டைப் பிள்ளைகள். பட்டையில் யார் அண்ணன், யார் தம்பி என்பது பார்த்ததும் தெரியும். ஆகவே பொருள்களை ஒப்பிடப் பட்டை. மாதவாரி ஏற்ற இறக்கத்துக்குக் கோடு. இரண்டையும் 1786-இலேயே வில்லியம் பிளேஃபேர் அச்சில் தந்துவிட்டார். 1801-இல் வட்டத்தைத் தந்தவரும் அவரே.

பட்டை வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியாக வேண்டும். 95-இல் தொடங்கினால், 96-ஐவிட 98 மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண்கள் சரியாக இருந்தும் படம் பொய் சொல்லும். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முப்பரிமாண அலங்காரம் முன்னால் நிற்கும் துண்டைப் பெரிதாகக் காட்டும். அது வேண்டவே வேண்டாம்.

பட்டை வரையும் முன் அட்டவணையை அளவுவாரியாக வரிசைப்படுத்துவது பாதி வேலையை முடித்துவிடும். தலைப்பில் 'விற்பனை' என்று மட்டும் போடாமல், 'ஏப்ரலுக்குப் பின் விற்பனை சரிவு' என்று செய்தியையே சொல்லிவிடலாம். வட்டம்தான் வேண்டுமென்றால், இரண்டு மூன்று பங்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.