ஓக்லஹோமாவில் முல்லைத் திணை: கல்லூரி சாஃப்ட்பால் ரசிகர் பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நிலத்தை வகுத்தார், பொழுதை வகுத்தார், தலைவனையும் தலைவியையும் தோழியையும் செவிலியையும் பேச வைத்தார். சாஃப்ட்பால் ரசிகரை மட்டும் விட்டுவிட்டார். அவர் காலத்தில் சாஃப்ட்பால் இல்லை என்பது ஓரளவு ஏற்கத்தக்க சமாதானம்தான். ஆனால் பின்னால் வந்த உரையாசிரியர் இளம்பூரணரும் வாய் திறக்கவில்லை. எதையும் விட்டுவைக்காத நச்சினார்க்கினியரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இந்த ரசிகர் எந்தத் திணைக்கு உரியவர் என்ற கேள்வி இன்றுவரை அநாதையாகக் கிடக்கிறது. அதற்கு ஒரு வழி செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குக் கொண்ட களம், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலின் இறுதிக் கட்டமான 'விமன்ஸ் காலேஜ் வேர்ல்டு சீரிஸ்'. 1969-இல் ஒமாஹாவில் தொடங்கியது. 1982 முதல் கல்லூரி விளையாட்டுகளுக்கான என்சிஏஏ அமைப்பு நடத்துகிறது. 1990-இல் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து சேர்ந்தது. 1996-இல் ஒரே ஒரு தடவை ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நமக்கு இதுதான் சரி என்று திரும்பிவிட்டது. மே மாதத்தில் 64 அணிகள் 16 ஊர்களில் மோதும். அதில் 16 மிஞ்சும், அடுத்த வாரம் 8 மிஞ்சும். அந்த எட்டு அணிகளும், அவற்றைப் பின்தொடரும் ஜனங்களும் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து இறங்குவார்கள்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம், டெவன் பார்க் என்று இப்போது அழைக்கப்படும் மைதானம். 2020-இல் மேல்தளம் கட்டிய பிறகு ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் உட்காரலாம். பக்கத்திலேயே நகரின் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. எந்தக் கூச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது புதிதாக வருபவருக்குச் சிரமம். ஆடுகளம் சிறியது. பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி என்றால் இங்கே 60 அடி. பந்து வீசும் பெண்ணுக்கும் அடிக்கும் பெண்ணுக்கும் இடையே 43 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் கை கீழிருந்து சுழன்று வரும் பந்து அந்த 43 அடியைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. மொத்தம் ஏழே இன்னிங்ஸ். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் எட்டு ரன் வித்தியாசம் வந்துவிட்டால் அப்போதே ஆட்டத்தை முடித்துக்கொள்வார்கள்.

இத்தனை சடுதியில் முடியும் ஆட்டத்துக்கு ரசிகர் நாள்கணக்கில் வந்து தங்குகிறார். ஆய்வின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

இனி திணைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். வெற்றி பெற்றதும் ஆட்டக்காரிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிவதும், மேலே முன்பின் தெரியாத இருவர் கட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் எட்டு அணிகளில் ஏழு அணிகளின் ரசிகர்களுக்கு அந்தக் கடைசிக் குவியல் கிட்டாது. ஒரு திணையை எட்டில் ஒரு பங்கை வைத்து முடிவு செய்ய இயலாது. தள்ளுக. நெய்தலின் இரங்கல் மீதி ஏழு பங்குக்குப் பொருந்தும் போலத் தெரிந்தாலும், தோற்றவர் அழுதுகொண்டே அடுத்த ஆண்டு டிக்கெட் விலை விசாரிப்பதால் அதையும் தள்ளுக. மருதத்துக்கு உரியது ஊடல். அதை அம்பயரோடு செய்கிறார்கள். ஸ்ட்ரைக் என்றாலும் ஊடல், இல்லை என்றாலும் ஊடல். எனினும் ஊடலில் தலைவன் ஒரு கட்டத்தில் சமாதானம் சொல்ல வருவான், அம்பயர் வருவதில்லை.

பாலையின் பிரிதல் சற்று நின்று கவனிக்க வேண்டியது. தொடரின் அமைப்பு அப்படி. ஓர் அணி ஒருமுறை தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள். இரண்டாம் முறை தோற்றால்தான் மூட்டை கட்ட வேண்டும். இப்படி வடிகட்டி நிற்கும் இரண்டு அணிகள் கடைசியில் மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் மோதும். 2005 முதல் இதுதான் முறை. வியாழக்கிழமை தொடங்கும் தொடர், அடுத்த வாரம் வெள்ளி வரை நீளலாம். நமது அணியோ வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விடலாம். எனவே ஊரிலிருந்து கிளம்பும் ரசிகருக்குத் திரும்பும் டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடுவது என்பது தீராத தத்துவச் சிக்கல். சனிக்கிழமைக்குப் போட்டால் அணிமேல் நம்பிக்கை இல்லை என்று ஆகும். அடுத்த சனிக்குப் போட்டால் அணி தோற்றபின் ஒரு வாரம் ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

பக்தியை அளக்க இதுவரை கருவி இல்லை என்று சொல்லிவந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகத்தில் பூசிய சாயத்தையோ தொண்டை கட்டியதையோ அளவுகோலாகக் கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாது. சாயம் கழுவினால் போய்விடும், தொண்டை மறுநாள் சரியாகிவிடும். திரும்பும் தேதியைப் பார்த்தால் போதும். இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டத்துக்கு மறுநாள் தேதியிட்டு, தேதியை மாற்றவே முடியாத மலிவு டிக்கெட் வாங்கியவர் எவரோ அவரே அடியார். மற்றவர் எல்லாம் பார்வையாளர்.

இதில் ஓக்லஹோமா பல்கலைக்கழக ரசிகர்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுடைய நார்மன் நகரம் காரில் அரைமணி தூரம். பிரிதல் என்ற துறையே அவர்களுக்கு இல்லை. தவிர, 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், இடையில் 71 ஆட்டம் தோற்காமல் ஆடியவர்கள், அவர்களுக்குத் துன்பம் பற்றி என்ன தெரியும்? கருப்பொருள் பட்டியலில் தெய்வம் என்ற இடத்தில், 1995 முதல் அணியைப் பயிற்றுவித்து எட்டுப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த பாட்டி காஸோவின் பெயரை அவர்கள் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். 2025 அரையிறுதியில் டெக்ஸாஸ் டெக் அணி அவர்களை 3-2 என்று வீழ்த்திய பிறகுதான் அவர்களும் ஆய்வுக்குத் தகுதி பெற்றார்கள்.

மற்றக் கருப்பொருள்கள் வருமாறு. விலங்கு: டெக்ஸாஸின் நீள்கொம்பு மாடு, ஃபுளோரிடாவின் முதலை, யூசிஎல்ஏவின் கரடி. பறை: டக்அவுட்டில் வரிசையாக நின்று ஆட்டக்காரிகளே கைதட்டிப் பாடும் பாட்டு. கல்லூரியில் படிக்கும் பெண்கள் இத்தனை நேரம் ராகம் மாறாமல் பாடுவதை மார்கழி சபாக்களில்கூடக் காண்பது அரிது. உணவு: நாச்சோஸ், ஹாட் டாக், உப்புப் போட்ட சூரியகாந்தி விதை. விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பல்லால் உடைத்து, பருப்பை மட்டும் விழுங்கி, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடியே "ஏம்மா, பந்தைப் பாரும்மா" என்று கத்துவது அடியார்க்கு இயல்பாகக் கைவந்த கலை. முயன்று பார்த்தேன், எனக்குத் தோலும் பருப்பும் சேர்ந்தே இறங்கின.

கை முத்திரைகள் தனி ஆய்வுக்கு உரியவை. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நிமிர்த்தி, நடு இரு விரல்களைக் கட்டைவிரலால் பிடித்துக் காட்டுவார்கள். மாட்டுக் கொம்பாம். 1955-இல் ஹார்லி கிளார்க் என்ற தலைமைச் சியர்லீடர் ஒரு கூட்டத்தில் அறிமுகப்படுத்தினார். ஆனால் பரதம் பயின்ற எவரிடமும் இதைக் காட்டிக் கேளுங்கள், தயங்காமல் சிம்மமுகம் என்பார். ஆயிரக்கணக்கானோர் மாடு என்று நம்பிக்கொண்டு சிங்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பார் இல்லை. ஓக்லஹோமாக்காரர்கள் அதே முத்திரையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி வெறுப்பேற்றுவார்கள். நாட்டிய சாஸ்திரத்தில் கவிழ்ந்த சிங்கத்துக்கு விநியோகம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. டெக்ஸாஸ் டெக் தரப்பு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டித் துப்பாக்கி என்கிறது. அது சந்திரகலை, பிறைநிலா. ஆக 2025 இறுதிச் சுற்று, பரத மரபின்படி, சிங்கத்துக்கும் நிலாவுக்கும் நடந்தது. சிங்கம் வென்றது.

அந்தச் சுற்றின் முதல் ஆட்டம் ஜூன் 4-ஆம் தேதி நடந்தது. ரசிகர் இலக்கணத்தின் ஒரு முக்கிய விதிக்கு அது சான்று தருகிறது. ஆறாவது இன்னிங்ஸ். டெக் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. டெக்கின் பிட்சர் நைஜாரி கனடி, அந்தத் தொடரில் அதுவரை தன் அணிக்காக ஒவ்வொரு பந்தையும் தானே வீசியவர். டெக்ஸாஸின் ரீஸ் ஆட்வுட்டுக்கு அடிக்கும்படி பந்து போடாமல், வேண்டுமென்றே நான்கு பந்தை வெளியே வீசி, சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்டுவிடுவது என்று டெக் முடிவு செய்தது. உலகில் இதைவிடச் சுவாரசியமற்ற காட்சி இல்லை. நாச்சோஸ் வாங்க எழுந்து போகவென்றே இறைவன் அருளிய இடைவேளை இது. மூன்று பந்து வெளியே போனது. நான்காவது பந்து கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. ஆட்வுட் எட்டி அடித்தார். இரண்டு பேர் ஓடி வந்து ரன் சேர்க்க, டெக்ஸாஸ் 2-1 என்று வென்றது. இதிலிருந்து பெறப்படும் விதி: ஒன்றும் நடக்காத நேரத்தில் எழுந்து போகிறவன் ரசிகன் அல்லன். மூன்றாம் ஆட்டத்தை 10-4 என்று எடுத்து டெக்ஸாஸ் முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. அந்த ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்த மியா ஸ்காட், முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் ஆடினார் என்பது பிறகு தெரியவந்தது.

ஓக்லஹோமா ரசிகருக்குப் பிரிதல் இல்லாததால் பாலையையும் தள்ளுக. எஞ்சியிருப்பது முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். சிறுபொழுது மாலை, பெரிய ஆட்டங்களை மாலையில்தான் வைக்கிறார்கள், பொருந்துகிறது. பெரும்பொழுது கார்காலம் ஆயிற்றே, வைகாசியில் கார் எப்படி வரும் என்று தடை எழுப்பலாம். ஓக்லஹோமாவில் மே மாதமே கார். இடியும் ஆலங்கட்டியும் சூறாவளி எச்சரிக்கைச் சங்கும் அப்போதுதான். அப்படியும் ஒப்பாதவர்க்குத் திணை மயக்கம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். உரையாசிரியர்கள் இதைவிடப் பெரிய பள்ளங்களையும் அந்தப் பலகையைப் போட்டுத்தான் தாண்டியிருக்கிறார்கள்.

மின்னல் விதி என்று ஒன்று இருக்கிறது. அருகில் மின்னல் வெட்டினால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழிந்தால்தான் மறுபடி தொடங்கலாம். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படியொரு தாமதத்தில், கூரைக்கு அடியில் ஒதுங்கிய கூட்டத்தில், என் அருகே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மா இருந்தார். மடியில் ஸ்கோர் புத்தகம். மட்டையை வீசி மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டானால் கே என்ற ரோமன் எழுத்து; வீசாமல் நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருந்தார். பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீங்க எந்த டீமுக்கு?" என்றார்.

"எந்த டீமுக்கும் இல்லைங்கம்மா. நான் ஆய்வுக்காக வந்தவன்."

"நானும் பேத்தி ஆடறதைப் பார்க்கத்தான் முதல்ல வந்தேன். அவ படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆயிடுச்சு. நான் இன்னும் வந்துட்டிருக்கேன்."

பளிச்சென்று ஒரு வெட்டு. கடிகாரம் மறுபடி முப்பதுக்குப் போனது. பெரியம்மா முகத்தில் எரிச்சல் தெரியவில்லை. பையிலிருந்து விதைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

முல்லை என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இந்த ஆட்டம் பிறந்ததே காத்திருந்த ரசிகர்களிடம்தான். 1887-ஆம் ஆண்டு, நன்றி நவிலும் நாள். சிகாகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்தாட்ட முடிவு தந்தியில் வருவதற்காக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. யேல் வென்ற செய்தி வந்ததும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் குதூகலத்தில் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிய, ஹார்வர்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த கழியால் அதை அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் கையுறையைப் பந்துபோலக் கட்டி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, விளக்குமாற்றுக் கட்டையை மட்டையாக்கி, கூடத்துக்குள்ளேயே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். வேறெங்கோ நடக்கும் ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் பொழுது போகாமல் கண்டுபிடித்த ஆட்டம் இது. மூலத்திலேயே இருத்தல் இருக்கும்போது வேறு திணை தேடுவது வீண்வேலை. ஆகவே, கல்லூரி சாஃப்ட்பால் ரசிகர் முல்லைக்கு உரியவர் என்பதே எம் துணிபு.

மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் வீட்டிலிருந்தபடி எழுத வேண்டாம். தொடர் தொடங்கும் வியாழனன்று ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து, அடுத்த வெள்ளி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதவும். தொப்பி, மழை அங்கி, பென்சில் கொண்டுவரவும். கறுப்புத் தோல் பையில் குறிப்பேடுகளோடு வந்து வாசலில் வாதம் செய்ய வேண்டாம். உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையை மட்டும்தான் உள்ளே விடுவார்கள்.