மெட்டல் டிடெக்டரும் அறுவகை வினாவும்: ஒரு சுத்தியலை முன்வைத்து

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரும் கையுமாகப் பழங்காசு தேடித் திரிபவர்கள், "எனக்கு மூன்று பெர்மிஷன் இருக்கிறது" என்பார்கள். நம்மூரில் மூன்று ஏக்கர் இருக்கிறது என்பதுபோல. நிலத்துக்காரர் தலையாட்டியதே அவர்களுக்கு நிலம். இதைத் தொழிலாகுபெயரில் அடக்கலாமா என்பது தனி ஆய்வுக்கு உரியது. இங்கே எடுத்துக்கொண்ட சிக்கல் வேறு: "ஐயா, உங்கள் வயலில் கொஞ்சம் தேடிப் பார்க்கலாமா?" என்பது நன்னூலார் வகுத்த ஆறு வினாக்களில் எது?

அறியாவினா என்பர் ஒரு சாரார். பொருந்தாது. வந்து நிற்பவரின் காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி. கார் டிக்கியிலிருந்து டிடெக்டர் பாதி நீட்டிக்கொண்டிருக்கிறது. இது அறியாமையின் கோலமா? பருப்பு இருக்கிறதா என்று கடையில் கேட்பதைப் போன்ற கொளல்வினாதான் இது. ஆனால் "கிடைப்பதில் பாதி உங்களுக்கு" என்று கொடைவினாவின் தேனைத் தடவியே கேட்பார்கள். வெறும் தேனும் அன்று. 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியலுக்கு 32.85 லட்சம் பவுண்டு; கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சரிபாதி. மற்ற நாள்களில் கிடைப்பது பீர் கேனின் மூடி வளையம். அதில் யாரும் பாதி கேட்பதில்லை.

விடை வகையில் பண்ணைக்காரர்கள் நன்னூலைக் கரைத்துக் குடித்தவர்கள். "கோதுமை விதைத்திருக்கிறேன்" என்றால் உற்றது உரைத்தல். "மாடு முட்டும்" என்றால் உறுவது கூறல். "வீட்டுக்காரியைக் கேள்" என்பது ஏவல். ஒன்றும் பேசாமல் கேட்டின் பக்கம் விரலை நீட்டினால் அது சுட்டு விடை. வந்த வழியே போக வேண்டியது. "முட்டை விற்கிறேன்" என்று சொன்னால் மட்டும் இனமொழி என்று முடிவுகட்டிவிடாமல் ஒரு டஜன் வாங்கிவிட வேண்டும். ஆறாவது முட்டையை எண்ணும்போது நேர் விடை வர வாய்ப்புண்டு.

இதுவரை சொன்னது சாதாரண வயலுக்கு. ரோமானியக் கோயிலின் இடிபாடு, பழைய மண்கோட்டை என்று நிலம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்டால் இலக்கணமே மாறிவிடும். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, நிலத்துக்காரர் மாலை போட்டு அழைத்தாலும் செல்லாது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் எழுத்துபூர்வமான இசைவு வேண்டும். அங்கே கருவியை ஓட்டுவதே குற்றம், காசு கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாமல் பிடுங்கிய காசு, பக்க எண் இல்லாமல் கிழித்த தாள்.

1980களில் சர்ரேயின் வான்பரோவில் அப்படியொரு கோயில் தலத்தைத் தோண்டி ஆயிரக்கணக்கில் காசுகளை அள்ளிப் போனவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வினாவே எழுப்பாத இந்த ஏழாம் வகையினரை அங்கே 'நைட்ஹாக்' என்கிறார்கள். அந்தக் கொள்ளை கிளப்பிய ஆத்திரத்தில் பிறந்தது 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்: புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனருக்குச் சொல்ல வேண்டும். அகால மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். பொன்னுக்கும் பிணத்துக்கும் ஒரே அலுவலகம்.

இந்த வகைப்பாட்டையெல்லாம் கவிழ்க்கும் சான்று ஒன்று உண்டு. 1992 நவம்பரில் சஃபோக் வட்டாரத்து ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்தார். டிடெக்டர் வைத்திருந்த நண்பரிடம் தேடித் தரச் சொன்னார். நண்பருக்கு அகப்பட்டதோ ரோமானியர் காலப் பொன் நகை, வெள்ளிக் கரண்டிகள், சுமார் 15,000 காசுகள். அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். பரிசு 17.5 லட்சம் பவுண்டு. விவசாயிக்கும் அதில் பங்கு போனது.

ஆக, அனுமதி கொடுக்க வேண்டியவரே இங்கே கேட்டிருக்கிறார்; வினா ஏவல்வினா. எனவே இக்கட்டுரையின் பரிந்துரை: பண்ணை பண்ணையாகக் கதவைத் தட்டுவதைவிட, கைச்சாமானை வயலில் போட்டுவிட்டு மறக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்வது மேல்.

சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்விட்டது. ஆணி அடிக்க அவர் வேறொன்று வாங்கியிருப்பார்.