பரிசீலனையில் இருக்கிறீர்கள்

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்று 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி அருள்வாக்குச் சொன்னார். நாடே அதைப் பேசித் தீர்த்தது. முதலாளிகள் தலையாட்டினார்கள், இதய மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அதே மாதத்தில், அவர் நிறுவிய இன்ஃபோசிஸின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. எல்லாம் 2022இல் படிப்பு முடித்த பொறியாளர்கள். சுமார் 2,000 பேர் என்பது நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு சொன்ன கணக்கு. 70 மணி நேரம் என்ன, 80 மணி நேரம்கூட உழைக்கத் தயாராக இருந்த பிள்ளைகள். ஜாயினிங் தேதி மட்டும்தான் வரவில்லை.

2024 ஆகஸ்டில் அந்த அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் அனுப்பியது. செய்தி ஊடகங்களில் விஷயம் நாறியது. அதன் பிறகு, அக்டோபரில் வந்து சேருங்கள் என்று அழைப்பு போயிற்று. மைசூரில் பயிற்சி. மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பினார்கள். தேறாவிட்டால் இடமில்லை என்பது முதலிலிருந்தே உள்ள விதிதான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். சேர்த்துக்கொள்ள இரண்டு வருஷத்துக்கு மேல் யோசித்தவர்கள், வெளியே அனுப்ப நாலு மாதத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். கார்ப்பரேட்காரர்களுக்கு வேகம் போதாது என்று இனி எவனும் வாய் திறக்கக் கூடாது.

இதையெல்லாம் நிர்வாகக் குளறுபடி என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். இது கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு 2021, 2022இல் ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆர்டர்கள் குவிந்தன. உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் என்று வருஷா வருஷம் வேறு கம்பெனிக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தார் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆஃபர் லெட்டர்களை நோட்டீஸ் போல விநியோகித்தார்கள். ஒரு ஆஃபர் லெட்டருக்கு ஆகும் செலவு என்ன? ஒரு பி.டி.எஃப். அவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் கையைச் சுருக்கியதும், அந்த பி.டி.எஃப். செல்லுமா செல்லாதா என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். செல்லாது என்றால் கெட்ட பெயர், செல்லும் என்றால் சம்பளம். இரண்டும் சொல்லாவிட்டால் காலணா செலவில்லை. தொழிலில் வரும் நஷ்டத்தைத் தாங்குவதற்குத்தான் முதலாளி லாபம் எடுக்கிறார் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்த ஞாபகம். நம் ஊரில் அந்த நஷ்டத்தைத் தாங்குகிறவன் இருபத்திரண்டு வயதுப் பையன், அதுவும் அப்பாவின் பென்ஷனில்.

காக்கவைப்பதில் வேறொரு லாபமும் இருக்கிறது. ஆறரை லட்சம் சம்பளம் என்று தேர்வு செய்து காத்திருக்கவைத்த புதியவர்களிடம், 2023 பிப்ரவரியில் விப்ரோ ஒரு கேள்வி கேட்டது: மூன்றரை லட்சத்துக்கு என்றால் சீக்கிரம் சேரலாம், சம்மதமா? பெரும்பாலோர் சம்மதித்தார்கள். சம்மதிக்காமல்? மாதக்கணக்கில் காயப்போட்ட பிறகு பாதி விலையே பெரிய மனசாகத் தெரியும். அதற்குத்தான் காயப்போடுவது.

அனுபவசாலிகளுக்கு மட்டும் மரியாதை கொட்டுகிறதா என்றால், அங்கே நாடகம் வேறு. முதல் போன் இப்படி வரும்.

"ஹாய், பேசலாமா? நீங்க இம்மீடியட் ஜாயினரா?"

"இல்ல மேம், தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட்."

"ஓ... பதினஞ்சு நாள்ல வர முடியாதா? கிளையன்ட் ரொம்ப அர்ஜென்ட்."

"பேசிப் பார்க்கிறேன் மேம்."

"பாருங்க, ப்ளீஸ். நாளைக்கே முதல் ரவுண்டு வெச்சுக்கலாம்."

முதல் ரவுண்டு, இரண்டாவது ரவுண்டு, சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செய்யச் சொல்லும் ஒரு அசைன்மென்ட், மேனேஜர் ரவுண்டு, ஹெச்.ஆர். ரவுண்டு. பழைய கம்பெனியின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஃபார்ம் 16. கட்டக்கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். கேட்கலாம். பதில்தான் அந்த நிமிஷத்தோடு நின்றுவிடும். "வி வில் கெட் பேக் டு யூ" என்று திரை அணைந்த பிறகு, தலைபோகிற அவசரத்தில் இருந்த அந்த கிளையன்ட் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். சில மகான்கள் அதையும் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

பெண் பார்க்க வந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிப்போன மாப்பிள்ளை வீட்டாரை நம் சினிமாவும் பத்திரிகைத் துணுக்குகளும் ஐம்பது வருஷம் கிழித்துத் தொங்கவிட்டன. அவர்களாவது ஒரே தடவை தின்றார்கள். தரகர் மூலமாகவாவது "ஜாதகம் ஒத்து வரலையாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பொய்யில் இருந்த நாகரிகம்கூட இந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் கிடையாது.

இதையே தொழிலாளி திருப்பிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேனேஜர் அறிக்கை கேட்கிறார். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, தகுதியிருந்தால் மட்டுமே தொடர்புகொள்ளப்படுவீர்கள்" என்று ஊழியர் பதில் எழுதுகிறார். ஒரு வாரம் கழித்து மேனேஜர் ஞாபகப்படுத்துகிறார். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி. "இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்." மூன்றாம் நாள் அந்த ஊழியரின் அடையாள அட்டையில் கதவு திறக்காது. தொண்ணூறு நாள் நோட்டீஸில் ஒரு நாள் குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பார்கள். அடுத்த கம்பெனிக்காரன் அந்த லெட்டர் இல்லாமல் உள்ளே விட மாட்டான். அதாவது, வெளியே போகிறவன் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், உள்ளே கூப்பிடுகிறவன் எப்போதுமே சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் ஒன்று உண்டு. லிங்க்டினில் மனிதவளத் துறைப் பெரியவர்கள் அவ்வப்போது புலம்புவார்கள். ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டுச் சேரும் நாளன்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் வருவதில்லையாம், போனை எடுப்பதில்லையாம், நேர்மை எங்கே போயிற்று, வளர்ப்பு சரியில்லையா என்று நீண்ட பதிவு. கீழே நூறு பேர் கைதட்டல். அந்த நூறு பேரில் எத்தனை பேரின் இன்பாக்ஸில் பதில் போடாத மின்னஞ்சல்கள் அழுகிக்கொண்டிருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்தால் தேவலை. பிள்ளைகள் இந்த வித்தையைத் தாய் வயிற்றிலா கற்றுக்கொண்டு வந்தார்கள்?

காத்திருப்பவனுக்கோ காலம் நிற்பதில்லை. கல்விக் கடன் கொடுத்த வங்கி, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்காது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கருணையே இல்லாதது என்று நாம் திட்டும் வங்கிகூடத் தேதி சொல்லித்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அந்த ஒரு வருஷம் முடியும்போது கையில் ஆஃபர் லெட்டர் இருக்கிறது, வேலை இல்லை. வேறு வேலைக்குப் போகலாமே என்பார்கள். போனால், "ஏற்கெனவே வேற கம்பெனி ஆஃபர் இருக்குதே, விட்டுட்டுப் போயிடுவீங்களே" என்று கேட்பான். போகாவிட்டால், "ஒரு வருஷம் கேப் ஏன்?" என்று கேட்பான். கேள்வி கேட்பதற்கு மட்டும் அவர்களுக்குத் தாமதமே ஆவதில்லை. வீட்டில் அம்மா கேட்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று. எதிர்வீட்டுக்காரர் நிறுத்தவில்லை.

சர்க்கார் என்ன செய்கிறது? தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் காத்திருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிற திட்டம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குத் தருவார்கள். குடும்ப வருமானத்துக்கு வரம்பும் உண்டு. ஆக, காத்திருப்பதற்குக்கூட அனுபவச் சான்று வேண்டும்: குறைந்தபட்சம் ஐந்து ஆண்டுகள்.

சட்டம்? 1959இல் ஒன்று போட்டார்கள், 2025 வரை அதுதான் இருந்தது. 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. தெரிவித்தால் போதும், அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தெரிவிக்காவிட்டால் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. கண்ணாடிக் கட்டடத்து கேன்டீனில் நாலு பேர் காபியும் சாண்ட்விச்சும் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும். விண்ணப்பித்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்ததில்லை. அப்படியொரு வரி தேவைப்படும் என்று 1959இல் யாருக்கும் தோன்றியிருக்காது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்கார்பரோவில் நம் ஈழத்துச் சொந்தங்கள் வாழும் அதே மாகாணம். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வெளிப்படையாக விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதை அந்த ஆளுக்குச் சொல்லியாக வேண்டும். வேலை கொடு என்று சட்டம் சொல்லவில்லை, வாயைத் திற என்கிறது. அதற்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்பது அந்த ஊர் முதலாளிகளுக்கும் பெருமை சேர்க்கிற விஷயமல்ல.

இங்கே அப்படி ஒன்று கொண்டுவரலாம் என்று வாயெடுத்தால் என்ன சொல்வார்கள் என்பது தெரியும். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுத ஆள் ஏது, தொழில் செய்வதே கஷ்டமாகிவிடும் என்பார்கள். ஆளே வேண்டாம் ஐயா. விண்ணப்பம் அனுப்பிய இரண்டாவது நொடியில் "கிடைத்தது, நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறதே, அதை எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. அதை அனுப்பும் அதே மென்பொருளில், தேர்வாகாத அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் குறித்து "மன்னிக்கவும்" என்று அனுப்பவும் வசதி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வசதி. அதை அமுக்காமல் வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவன் கடைசி நாளில் வராமல் போனால், இரண்டாவதாக நின்றவனைத் தேடிப் போக வேண்டும் அல்லவா? அவன் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தால்தானே முதல் ரிங்கிலேயே போனை எடுப்பான், சம்பளத்தில் பேரம் பேசாமல் வருவான்?