வராதவரின் கிளெரிக்கை என்ன செய்வது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தொடங்கிவைத்த அந்த ஆட்டத்தில் பூதத்துக்கு விதி உண்டு, பொறிக்கு விதி உண்டு. ‘இன்னைக்கு வர முடியலப்பா’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்குத்தான் இன்றுவரை சரியான மருந்து கிடையாது.

நீங்கள்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். போன வாரம் டிராகன் வாயைத் திறக்கிற இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டுப் பெருமையாக எழுந்தீர்கள். இன்று ஒரு நாற்காலி காலி. வராதவர், குழுவில் காயம் ஆற்றத் தெரிந்த ஒரே பாத்திரமான கிளெரிக்கை ஆடுபவர். (கோடரி வீசத் தெரிந்தவர் ஒருநாளும் லீவு போடுவதில்லை.) காரணத்தைத் துருவாதீர்கள். மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்றால் நம்புங்கள். போன மாதமும் அதே மச்சினி என்றாலும் நம்புங்கள்.

கிளெரிக்கை எங்கே ஒளிப்பது? பலருக்கும் ‘பேக் ஆஃப் ஹோல்டிங்’ ஞாபகம் வரும். பார்க்கச் சின்னப் பை, உள்ளே 64 கன அடி இடம், 500 பவுண்டு தாங்கும். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி உள்ளே இருக்கும் காற்று ஒருவருக்கு 10 நிமிடம்; இரண்டு பேர் வராவிட்டால் தலைக்கு 5. பதற வேண்டாம். சண்டையில் ஒரு சுற்று 6 விநாடிதான், ஆக 10 நிமிடம் என்றால் 100 சுற்று. உங்கள் ஆட்கள் 100 சுற்று ஆடி முடிப்பதற்குள் மச்சினிக்குக் குழந்தையே பிறந்துவிடும். சண்டை முடிந்து குழு 8 மணி நேரம் தூங்கும்போது பையைத் திறக்க மறந்தால்தான் வில்லங்கம். அதைவிட வில்லங்கம், யாராவது அந்தப் பையை ‘போர்ட்டபிள் ஹோல்’ என்ற இன்னொரு மாயப் பொருளுக்குள் வைப்பது. இரண்டும் அழிந்து, 10 அடிக்குள் இருப்பவர்கள் ஆஸ்ட்ரல் தளம் என்ற வேறு உலகத்துக்குப் போய்ச் சேர்வார்கள். ஒருவர் வராததற்கு ஊரையே நாடு கடத்திய பெயர் உங்களுக்கு எதற்கு?

சீரியலில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவதுபோல, பாத்திரத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுக்கலாம். ஆனால் அப்புறம் பொறி இருக்கும் கதவையெல்லாம் கிளெரிக்தான் திறப்பார். வைத்தியமெல்லாம் பக்கத்து நாற்காலியின் வீரனுக்கே நடக்கும். நீங்களே ஆடலாம் என்றால், வில்லனுக்கும் நீங்கள்தான் குரல். அரை மணி நேரம் நீங்களும் நீங்களும் பேசிக்கொண்டிருப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உருப்படியான வழி பென் ராபின்ஸ் நடத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ முறை. நிரந்தரக் குழு கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் ஊருக்குத் திரும்பிவந்து முடியும். அடுத்த முறை வந்தவர்கள் கிளம்புவார்கள், வராதவர் ஊரிலேயே கிடப்பார். ஒரே நஷ்டம், டிராகன் வாயில் ‘தொடரும்’ போட முடியாது. உண்மையில் உங்கள் தலைவலியில் பாதி அந்த ஆசையால் வந்தது.

வராதவருக்கு அனுபவப் புள்ளி? கலந்துகொண்ட மோதலுக்குத்தான் என்பது 2014-ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் பொது வழக்கம். இரண்டு மூன்று லெவல் வித்தியாசத்தால் ஆட்டம் கெடாது என்றும் அதுவே சொல்கிறது. ஆனாலும் கொடுத்துவிடுங்கள். கிளெரிக் பின்தங்கினால் அடி வாங்குவது வந்தவர்கள்தான்.

கோபத்தில் அவர் பாத்திரத்தைக் கொன்றுமட்டும் விடாதீர்கள். புதுப் பாத்திரம் உருவாக்க அவருக்கு ஒரு மாலை முழுக்க வேண்டும். அதை உங்கள் வீட்டில், உங்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உங்கள் முறுக்கைத் தின்றுகொண்டேதான் செய்வார்.