கோடைக்கு ஃபீனிக்ஸ், குளிருக்கு ரஷ்யா!

டயானா டொராசி... பெயரைக் கேட்டால் இத்தாலிக்காரி மாதிரி இருக்கிறதே?
– வாசகர், சிவகாசி

அப்பா பிறந்தது இத்தாலி, வளர்ந்தது அர்ஜென்டினா. மகள் பிறந்தது கலிஃபோர்னியா. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு 2002, 2003, 2004 என்று வரிசையாக மூன்று கூடைப்பந்து சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே 2004-ல் ஃபீனிக்ஸ் மெர்குரி அணியில் சேர்ந்தார். 20 சீசன், ஒரே அணி. நம்மில் பலர் ஒரே செல்போன் நம்பரைக்கூட அவ்வளவு நாள் வைத்திருப்பதில்லை.

அமெரிக்காவில் 'டிராஃப்ட்' என்கிறார்களே, அது என்ன?
– கல்லூரி மாணவி, திருச்சி

டீச்சருக்குப் போஸ்டிங் போடுகிற மாதிரி. 'எனக்குச் சொந்த ஊர்தான் வேண்டும்' என்று கேட்க முடியாது. முந்தைய சீசன்களில் தேறாத அணிகளுக்குத்தான் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பு. அதாவது, கெட்டிக்கார டீச்சரை ரிசல்ட் மோசமான பள்ளிக்கு அனுப்புவார்கள். 2004-ல் முதல் போஸ்டிங் டொராசிக்கு.

பெண்கள் கூடைப்பந்தில் சம்பளம் எப்படி?
– வங்கி ஊழியர், ஈரோடு

சும்மா இருக்கக்கூடச் சம்பளம் உண்டு! 2015-ல் டொராசிக்கு அமெரிக்க லீக் தரக்கூடியது ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர். குளிர்காலத்தில் அவர் ஆடிய ரஷ்ய கிளப் யு.எம்.எம்.சி. எகடரின்பர்க் தந்ததாகச் செய்தி வந்தது: சுமார் 15 லட்சம் டாலர். அந்த கிளப் கூடவே ஒன்று சொன்னது: "கோடையில் ஃபீனிக்ஸுக்கு ஆடாதே, அந்தப் பணத்தைவிட அதிகமாக நாங்களே தருகிறோம். ஓய்வெடு." எடுத்துக்கொண்டார். உலகத்தின் மிகப் பெரிய மகளிர் லீகில், அதன் நட்சத்திரம் அந்த வருடம் ஆப்சென்ட்.

பணத்துக்காக ரசிகர்களைக் கைவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

காலண்டரைப் பாருங்கள். அமெரிக்க சீசன் நாலைந்து மாதம். அது முடிந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் ரஷ்யாவுக்கோ துருக்கிக்கோ விமானம். எகடரின்பர்க்கின் பனியில் ஸ்வெட்டரோடு ஆரம்பித்து, ஃபீனிக்ஸின் 40 டிகிரி வெயிலில் முடியும் வருடம். நடுவே ஒலிம்பிக் வந்தால் அதுவும். இப்படிப் பத்து வருடம் ஓடிய முழங்காலுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ரஷ்யாவுக்குப் போகிறார்களா?
– வாசகி, காரைக்கால்

போவதற்கு முன் பலமுறை யோசிப்பார்கள். ஃபீனிக்ஸிலும் எகடரின்பர்க்கிலும் ஆடிய பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டார். பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்த வேப் குப்பிகள். தீர்ப்பு ஒன்பது வருடம். டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்டர் பூட்டைக் கொடுத்து அவரை மீட்டது அமெரிக்கா. உள்ளூரில் கட்டுப்படியாகும் சம்பளம் இருந்தால் அந்தப் பெட்டியையே கட்டியிருக்க வேண்டாம். 2025-ல் மயாமியில் ஒரு குளிர்கால லீக்கை ஆட்டக்காரிகளே தொடங்கியது இதனால்தான்.

நாற்பதைத் தாண்டி பந்தைத் தூக்க முடியுமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

2023 ஆகஸ்ட் 3. டொராசிக்கு வயது 41. பத்தாயிரமாவது புள்ளிக்குப் பாக்கி 18. மூன்றாவது கால்பகுதியில், கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மூன்று பாயின்ட், வேலை முடிந்தது. வேறு யாராவது என்றால் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் 42 புள்ளியில்தான் நிறுத்தினார். அமெரிக்க லீகில் பத்தாயிரத்தைத் தொட்ட முதல் ஆள்.

ஒலிம்பிக் தங்கம் எத்தனை?
– ஆறாம் வகுப்பு மாணவன், கும்பகோணம்

ஆறு. ஏதென்ஸ் முதல் பாரிஸ் வரை. பாரிஸ் இறுதிப்போட்டியில் அவர் பெஞ்சை விட்டு எழவே இல்லை. அமெரிக்கா ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. தண்ணீர் பாட்டில் நீட்டியவருக்கும் தங்கம்தான் தம்பி.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் பிழைப்பு உண்டா?
– உடற்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி

உண்டு, அதன் பெயர் ரயில்வே. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன். தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ. சம்பளம் தந்தது தெற்கு ரயில்வே. அங்கேயே வேலை பார்த்த கீது அன்னா ஜோஸை 2011-ல் மூன்று அமெரிக்க அணிகள் தேர்வுக்குக் கூப்பிட்டன. அவர்களுக்கு ரஷ்யா, நமக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஒரு வித்தியாசம்: ரயில்வே வேலை முழங்கால் போனாலும் போகாது.

டொராசி ஏன் ஓய்வு பெற்றார்?
– வாசகர், பெரம்பலூர்

காயம், சண்டை எதுவும் காரணமில்லை. மனசும் உடம்பும் நிறைந்துவிட்டது என்று 2025 பிப்ரவரியில் சொன்னார். பொன்னைக் கொடுத்தால் 'போதும்' என்று வராது, சோறு போட்டால்தான் வரும் என்பார்கள் நம் வீட்டில். இருபது வருடம் பந்தியில் உட்கார்ந்தவர், இலையை மடித்துவிட்டார்.